கூப்பிடுவது கடவுளா, நிர்வாகமா? கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அருட்சகோதரிகள் நடத்தும் சுயநிதி மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆசிரியையாக இருக்கிறீர்கள். ஆசிரியர்களுக்கான ஆண்டுத் தியானத்தில், "இது வேலை அல்ல, இறையழைத்தல், ஒவ்வொரு நாளும் அதற்கு ஆம் என்று பதில் சொல்லுங்கள்" என்று குருவானவர் சொன்னபோது மனம் நெகிழ்ந்து அழுதிருக்கிறீர்கள். ஆண்டு விழா ஒத்திகைக்காகத் தொடர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னபோதும் அதே சொல்லைக் கேட்டு உள்ளுக்குள் ஏதோ சுருங்கிப்போனது என்கிறீர்கள். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். வகுப்பில் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் பிள்ளைகள். அரசுப் பள்ளி வேலைக்குத் தேர்வு எழுதியிருக்கிறீர்கள். அது கிடைத்துப் போனால் கடவுளின் அழைப்பை உதறிவிட்டுப் போனதாக ஆகுமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கேள்வி இப்படி நான்கைந்து கிளையாக இருந்தாலும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துக்குள் கடவுள் கூப்பிடுகிற குரலையும் நிர்வாகம் கூப்பிடுகிற குரலையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே அது.

நான் குருவானவர் அல்ல. தென் மாவட்டம் ஒன்றில், மறைமாவட்டம் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியில் பல ஆண்டுகள் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் எடுத்திருக்கிறேன். பொதுநிலையினருக்கான, அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களுக்கான, இறையியல் வகுப்பில் முறையாகப் படித்ததுண்டு. ஆகவே திருச்சபை என்ன போதிக்கிறது என்று சொல்லும் இடங்களில் உறுதியாகவே சொல்வேன். உங்கள் மனத்துக்குள் கேட்கும் குரல் எது என்பதை ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

உறுதியானதில் இருந்து தொடங்குகிறேன். அழைப்பு என்பது குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமானது அல்ல. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில் ஏற்றுக்கொண்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் பொது என்பதற்கென்றே ஐந்தாம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. மணமானவர், கைம்பெண்கள், உழைப்பாளிகள், நோயாளிகள் என்று ஒவ்வொருவரையும் சொல்லி, அவரவர் வாழ்க்கை நிலையிலேயே, அந்த நிலையின் வழியாகவே தூய வாழ்வை அடையலாம் என்கிறது. அதே 1964இல்தான் திருத்தந்தை ஆறாம் பவுல் இறையழைத்தலுக்கான உலக மன்றாட்டு நாளையும் ஏற்படுத்தினார். நம் பங்குக் கோவில்களில் பாஸ்கா (உயிர்ப்பு விழா) காலத்தின் நான்காம் ஞாயிறன்று அதைக் கொண்டாடுகிறோம். அன்று கோவில் வாசலில் குருமடம், கன்னியர் மடம் இவற்றின் படங்கள்தான் ஒட்டப்படுகின்றன. மணமான ஓர் ஆசிரியையின் படத்தை நான் பார்த்ததில்லை. போதனை ஒருபுறம், நம் பழக்கம் ஒருபுறம். உங்கள் குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. உங்களுக்கு முதல் அழைப்பு திருமுழுக்கு, அடுத்தது திருமணம். ஆசிரியப் பணி அவற்றின் மேல் கட்டப்பட்டது. மேல்மாடியைக் காப்பாற்ற அடித்தளத்தை இடிக்கச் சொல்லும் எந்தக் குரலையும் கொஞ்சம் நிறுத்திவைத்துக் கேளுங்கள்.

அன்றாட வாழ்வில் அழைப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் முதலில் எடுப்பது லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம். மறைக்கல்வியில் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். யோர்தான் ஆற்றங்கரையில் திருமுழுக்கு யோவானிடம் மக்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். பாலைவனத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும் உண்டு வாழ்ந்த அந்த மனிதர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னோடு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்கிறார். வரி தண்டுபவர்களிடம், குறித்த அளவுக்கு மேல் வாங்காதீர்கள் என்கிறார். படைவீரர்களிடம், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளத்தோடு திருப்தியாய் இருங்கள் என்கிறார். வேலையை விடச் சொல்லவில்லை. எந்த இடத்தில் அந்த வேலை வழக்கமாக அழுகுமோ அந்த இடத்தில் மட்டும் விரலை வைக்கிறார். ஆசிரியர்கள் அந்த வரிசையில் நின்றிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். உங்களிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண், வராத பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் என்று போடாதீர்கள். பிள்ளையின் தகப்பன் குடிப்பதை வகுப்பில் சொல்லிக் காட்டாதீர்கள். நோட்டைத் திருத்தாமல் டிக் மட்டும் போடாதீர்கள். இவை என் ஊகம்தான். ஆனாலும் எந்த ஆசிரியரின் அறையில் உட்கார்ந்து கேட்டாலும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறாது.

இரண்டாவதாக, தியானங்களில் அதிகம் கேட்கும் சிறுவன் சாமுவேலின் கதை. "ஆண்டவரே பேசும், உம் அடியேன் கேட்கிறேன்" என்ற வரி எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றைத்தான் உங்களைப் பார்க்கச் சொல்வேன். கடவுள் கூப்பிட்ட மூன்று முறையும் சாமுவேலுக்கு அது கோவில் குருவான ஏலியின் குரலாகவே கேட்கிறது. தான் தினமும் பணிவிடை செய்யும், கண் மங்கிய கிழவரின் குரல். எழுந்து அவரிடம்தான் ஓடுகிறான். பள்ளியிலும் கடவுளின் அழைப்பு பெரும்பாலும் நமக்குப் பழகிய மனிதரின் குரலில்தான் வருகிறது. தலைமையாசிரியரின் குரலாகக்கூட வரலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏலி என்ன செய்தார்? "நான் அழைக்கவில்லை, போய்ப் படுத்துக்கொள்" என்றார். தன் குரலும் கடவுளின் குரலும் ஒன்றல்ல என்பதை அவரே ஒப்புக்கொண்டார். சாமுவேலுக்கு அன்றிரவு கிடைத்த செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கு எதிரானது. மகன்கள் செய்த அநியாயத்தைத் தெரிந்தும் தடுக்காததற்கான தீர்ப்பு. மறுநாள் காலை பையன் பயந்துகொண்டு அதைச் சொல்லத் தயங்கியபோது, ஒன்றையும் மறைக்காதே என்று வற்புறுத்திக் கேட்டுக்கொண்டவரும் ஏலிதான். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இடையில் ஒரு சிறிய வரி வருகிறது. கடவுளோடு பேசிய அந்த இரவு முடிந்து, விடிந்ததும் சாமுவேல் ஆண்டவரின் இல்லத்துக் கதவுகளைத் திறந்தான். அது அவனுடைய வழக்கமான வேலை. அவ்வளவு பெரிய அழைப்பு வந்த பிறகும் கதவைத் திறக்க வேறு ஆள் வரவில்லை.

இது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு காலத்தில், சிறப்புக் கட்டணம் கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியல் அலுவலகத்திலிருந்து வகுப்புக்கு வரும். பெயர் வாசித்து எழுப்பி நிற்க வைப்பது வழக்கம். கணித ஆசிரியை ஒருவர் மட்டும் அந்தப் பட்டியலை வாசிக்கவே மாட்டார். அன்று எல்லார் வீட்டுப்பாட நோட்டையும் வாங்கித் திருத்துவார். கட்டாத பிள்ளையின் நோட்டில், கடைசியாகத் திருத்திய பக்கத்தில் நான்காக மடித்த துண்டுச் சீட்டு இருக்கும்: எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள், முடியாவிட்டால் அம்மாவை எப்போது வரச் சொல்வது. நாற்பது நோட்டும் ஒன்றுபோலவே அடுக்கித் திரும்பி வரும். எதில் சீட்டு இருக்கிறது என்று பக்கத்து பெஞ்சுக்குக்கூடத் தெரியாது. பாட்டி கைநாட்டு வைத்து அனுப்பிய பதில் சீட்டுகளை அவர் வருகைப் பதிவேட்டின் பின்னட்டைக்குள் செருகி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கிறிஸ்தவர் அல்லர். வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொண்டு அம்மன் கோவிலுக்குப் போகிறவர். இறையழைத்தல் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், பாடம் எடுக்க நேரமாகிறது என்று போயிருப்பார். மனச்சான்று என்பது மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் இடம் என்று அதே வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதியது. எல்லா மனிதரையும் பற்றியே அப்படி எழுதியது. ஆகவே அவர் கடவுளின் அழைப்புக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் நினைப்பதில் கத்தோலிக்கப் போதனைக்குப் புறம்பாக எதுவும் இல்லை. அவரிடம் அப்படிச் சொல்லிப் பெருமைப்படுத்த வேண்டும் என்று மட்டும் எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

பிற சமயப் பிள்ளைகளிடம் அழைப்பை எப்படி வாழ்வது என்ற உங்கள் கேள்விக்கும் இங்கிருந்தே பதில் தொடங்குகிறது. எல்லைக்கோடு தெளிவானது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில், ஒருவரின் சம்மதம் இல்லாமல், சிறுவராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், அவரைச் சமய போதனையிலோ சமய வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. சிறுபான்மையினர் பள்ளி நடத்த 30ஆம் பிரிவு தரும் உரிமை இதை அழித்துவிடாது. திருச்சபைச் சட்டமும் எவரையும் அவருடைய மனச்சான்றுக்கு எதிராக நம்பிக்கையை ஏற்கக் கட்டாயப்படுத்தும் உரிமை யாருக்கும் இல்லை என்கிறது. ஆக, நாட்டுச் சட்டமும் திருச்சபைச் சட்டமும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. பகல் பன்னிரண்டு மணிக்கு மூவேளைச் செப மணி அடிக்கும்போது உங்கள் வகுப்பில் ஒரு பையன் கைகூப்பாமல் சும்மா நின்றால், நிற்கட்டும். அவன் அம்மா கட்டிவிட்ட காப்பையோ தாயத்தையோ பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பது அன்றைய செபத்தில் சேர்த்தி.

ஒரு கயிற்றைப் பார்த்தால் மட்டும் நீங்கள் சும்மா இருக்க முடியாது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024இல் வந்த அதன் அறிக்கை, பள்ளியில் இத்தகைய கயிறுகளுக்குத் தடை கேட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இது வெளியார் பிரச்சினை அல்ல. தமிழகத் திருச்சபையில் தலித் மக்கள்தான் பெருந்தொகையினர்; கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் வைத்த ஊர்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆகவே என் தீர்ப்பைச் சொல்கிறேன். இன்றைய தமிழகத்தில் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியருக்கு வரும் அழைப்புகளில் முதன்மையானது இதுதான். யார் யாரோடு உட்கார்கிறார்கள், விழா நாளில் வாளியும் துடைப்பமும் எந்தப் பிள்ளைகளின் கையில் போகிறது, மேடையில் வரவேற்பு நடனத்துக்கு யார் தேர்வாகிறார்கள் என்று பாருங்கள். ஆண்டு விழா ஒத்திகைக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்களே, அங்கேயே தொடங்கலாம்.

இனி உங்களைச் சுருங்கவைத்த விஷயம். அழைப்பு என்ற சொல்லைக் காட்டிக் கூடுதல் வேலை வாங்குவதும் குறைந்த சம்பளத்தை நியாயப்படுத்துவதும் நடக்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் அல்ல. பிள்ளைகளிடம் குறைவாக வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியில் சம்பளத்துக்கு அல்லாடும் சகோதரிகளையும் நான் அறிவேன். ஆயினும் போதனையில் ஐயமில்லை. கத்தோலிக்கக் கல்விக்கான வத்திக்கான் திருப்பேராயம் 1982இல் பள்ளிகளில் பணிபுரியும் பொதுநிலையினருக்கென்றே ஓர் ஆவணம் வெளியிட்டது. ஆசிரியப் பணி அழைத்தல் என்று உங்கள் தியான குரு சொன்னதற்கு ஆதாரம் அதில் நிறைய உண்டு. அதே ஆவணத்தில்தான், பொதுநிலை ஆசிரியருக்குத் தெளிவான ஒப்பந்தத்தோடு, மாண்போடு வாழப் போதுமான, வேறு வேலை தேடி அலைய வேண்டாத அளவு சம்பளம் தரப்பட வேண்டும் என்றும், பள்ளியின் பொறுப்பில் அவர்களுக்கு உண்மையான பங்கு வேண்டும் என்றும் இருக்கிறது. குடும்பங்கள் மேல் பெரும் சுமை ஏற்றாமல் இதை உடனே செய்வது கடினமாக இருக்கலாம் என்பதையும் அது நேர்மையாக ஒத்துக்கொள்கிறது; ஆனால் குறிக்கோளைக் கைவிடவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், திருச்சபைப் பணியில் இருக்கும் பொதுநிலையினருக்குத் தம்மையும் குடும்பத்தையும் காப்பாற்றத் தக்க ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது. தியானத்தில் முதல் பாதியை மட்டும் வாசித்திருக்கிறார்கள். யாக்கோபு திருமுகத்தில் கூக்குரலிடுவது வேலையாள் மட்டும் அல்ல, அவருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியும்தான்.

ஆகவே பிரித்தறிய நான் பயன்படுத்தும் சோதனை எளிமையானது. இது என் அனுபவத்தில் வந்தது, திருச்சபைச் சட்டம் அல்ல. ஒரு வேலைக்கு அழைப்பு என்று பெயர் சூட்டப்படும்போது, அதைச் செய்தால் யாருக்கு நன்மை என்று பாருங்கள். தோற்கப்போகும் பிள்ளைக்கா, பள்ளியின் பெயருக்கா? அழைக்கிறவர் தாமும் அதில் தோள் கொடுக்கிறாரா? முடியாது என்று சொன்னால் உங்கள் மேல் வருத்தம் வருமா, பழி வருமா? கடவுளிடம் முடியாது என்று சொன்னவர்கள் விவிலியம் முழுவதும் இருக்கிறார்கள். மோசே சாக்குமேல் சாக்குச் சொன்னார், எரேமியா நான் சிறுபிள்ளை என்றார். யாரையும் வாயடைத்து இழுத்துப் போகவில்லை. பேச இடம் இருந்தது. பேச இடமே இல்லாத இடத்தில் கேட்கும் குரலை நான் சந்தேகிப்பேன். அதற்காகக் கடினமான எதுவும் கடவுளிடமிருந்து வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசி பெஞ்சுப் பையனுக்காக மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டு பஸ்ஸைத் தவறவிடும் நாள்களும் உண்டு. அந்த அரை மணி நேரம் உடம்பை அசத்தும், ஆனால் கசக்காது. பள்ளியின் பெயருக்காக மட்டும் செய்யும் வேலை இரண்டையும் செய்யும்.

அழைப்பு ஒரே நாளில் தெளிவாகிவிடும் என்ற எதிர்பார்ப்பையும் விட்டுவிடுங்கள். ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று 1950இல் அறிவிக்கப்பட்ட ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், பிரான்சின் ரெய்ம்ஸ் நகரத்துச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. பேராலயத்தில் வருமானமுள்ள பதவியில் இருந்த குரு. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க வந்த ஒருவருக்கு உதவி செய்யப்போய், ஆசிரியர்களுக்கு வாடகைக்கு இடம் பார்த்து, பிறகு தம் வீட்டிலேயே சாப்பாடு போட்டு, குடிவைத்து, கடைசியில் 1683இல் பதவியைத் துறந்து, பின்வந்த பஞ்சத்தில் சொத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அந்த ஆசிரியர்களில் ஒருவரானார். அந்த ஆசிரியர்களைத் தம் வேலைக்காரரைவிடத் தாழ்ந்தவர்களாக எண்ணியதையும், இங்கே வந்து முடியும் என்று முன்பே தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்பதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றாகக் கடவுள் தம்மை நடத்திக்கொண்டு போனார் என்பது அவருடைய கணிப்பு. மறுபக்கம் கொல்கத்தா தெரேசா. அவரும் பள்ளி ஆசிரியைதான். எண்டாலியில் லொரேட்டோ சபையின் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் தெளிவான அழைப்பைப் பெற்றார். அவ்வளவு தெளிவாகக் கிடைத்தும், பேராயர் அவசரப்படாமல் சோதித்துப் பார்த்தார். தெரேசா லொரேட்டோவை விட்டு வெளியே வர 1948 ஆகஸ்ட் ஆயிற்று. மெல்ல வந்த அழைப்புக்கும் மின்னலாக வந்த அழைப்புக்கும் இரண்டுக்குமே காலம் தேவைப்பட்டது.

மாணவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்ததும், குருவாகவோ கன்னியராகவோ ஆகக்கூடிய பிள்ளைகளுக்கான இறையழைத்தல் முகாமுக்குப் பெயர் கேட்டு வருவார்கள். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை, வீட்டில் வசதி இல்லாத பிள்ளை என்று நம் கை தானாகச் சிலரைக் காட்டும். வாழ்க்கை நிலையைத் தேர்ந்தெடுப்பதில் எந்த வற்புறுத்தலுக்கும் ஆளாகாதிருக்க எல்லாக் கிறிஸ்தவருக்கும் உரிமை உண்டு என்று சட்டத் தொகுப்பின் 219ஆம் எண் சொல்கிறது. இத்தாலியின் டூரின் நகரில் தோன் போஸ்கோ என்ற குருவின் விடுதியில் படித்த தோமினிக் சாவியோ, புனிதராவது எளிது என்ற மறையுரையைக் கேட்டுவிட்டு நாள்கணக்கில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தான். குளிர்காலத்தில் கனமான போர்வையை ஒதுக்கிவிட்டு ஒறுத்தல் செய்யப் பார்த்தான். தோன் போஸ்கோ ஒறுத்தலைத் தடை செய்தார். மகிழ்ச்சியாய் இரு, பாடத்தையும் செபத்தையும் ஒழுங்காய்ச் செய், நண்பர்களோடு விளையாடு என்றார். பதினைந்து வயது முடியுமுன்னே இறந்த அந்தப் பையன் 1954இல் புனிதரானான். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் அழைப்பைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் இந்த அளவு போதும்.

இப்போது அரசு வேலை. போவது பாவம் அல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழைப்பு உங்களுக்கு வந்தது, கட்டடத்துக்கு அல்ல. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட நம் தேவசகாயம் மணமானவர், திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தவர். துறவற மடத்துக்குள் அவர் எங்கும் போகவில்லை. ஊராட்சிப் பள்ளியில் சிலுவை இல்லாத வகுப்பறையிலும் கட்டணச் சீட்டுக்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று எந்தப் பிள்ளையையாவது தலைகுனிய வைத்துக்கொண்டுதான் இருக்கும். போக வேண்டுமா என்பது மட்டும் எனக்குத் தெரியாத பகுதி. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தரும் ஒரு விதி உதவும்: மனம் இருண்டு, வறண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. ஞாயிறு ஒத்திகை முடிந்து கோபத்தோடு வீட்டுக்கு வந்த இரவில் முடிவெடுக்காதீர்கள். தேர்வு முடிவு வரட்டும். கோடை விடுமுறையில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, கணவரோடு உட்கார்ந்து கணக்கும் போடுங்கள், செபமும் செய்யுங்கள். உங்கள் இருவரின் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்பதும் கடவுளின் குரலில் அடக்கம்.

அதுவரை அன்றாடம் என்ன செய்யலாம்? அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் இஞ்ஞாசியாரின் மனச்சான்று ஆய்வை ஆசிரியருக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றி நான் செய்துவந்த முறையைச் சொல்கிறேன். மாலை பஸ்ஸில் உட்கார்ந்ததும் வருகைப் பதிவேட்டை மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அன்றைய முகம் ஒன்று வரும்: சிரித்தது, திட்டு வாங்கியது, தூங்கியது. ஒன்றிரண்டு பெயர்களுக்கு முகம் வராது. வகுப்பில் இருந்திருப்பார்கள், "உள்ளேன்" என்றும் சொல்லியிருப்பார்கள், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மறுநாளுக்கு அந்தப் பெயர்கள்தான் உங்கள் அழைப்பு. பாடம் நடத்தும்போது ஒரு கேள்வியை அந்தப் பக்கம் அனுப்பினால் போதும். சில பிள்ளைகளுக்குத் தொடர்ந்து பல நாள் முகம் வராமல் போகும். அப்படிப்பட்ட பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் ஏதோ நடந்துகொண்டிருக்கும் என்பது என் அனுபவம். எப்போதும் அப்படி என்று சொல்ல மாட்டேன். இயல்பிலேயே பேசாத பிள்ளைகளும் உண்டு.

இறுதியாக, இதையெல்லாம் நேரில் பேச ஒருவர் வேண்டும். உங்கள் பள்ளித் தலைமை சகோதரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் உங்கள் ஆன்மிக வழிகாட்டலைக் கேட்காதீர்கள். இது அவர்மேல் குறை சொல்வது அல்ல. துறவற சபைகளுக்கே திருச்சபைச் சட்டம் இப்படி வகுத்திருக்கிறது: தலைவர்கள் தம் கீழ் உள்ளவர்களை மனத்தைத் திறந்து காட்டும்படி எந்த வகையிலும் தூண்டக் கூடாது, குருவாக இருக்கும் தலைவர்கூட, அவர்களாகவே விரும்பிக் கேட்டாலன்றி, அவர்களுடைய ஒப்புரவை (பாவ அறிக்கையை) கேட்கக் கூடாது. சம்பளம் தரும் கையும் ஆன்மாவை வழிநடத்தும் கையும் ஒன்றாக இருப்பது இருவருக்கும் ஆபத்து என்று திருச்சபைக்குப் பழைய அனுபவம் உண்டு. பக்கத்துப் பங்கில் ஒரு குருவானவரையோ, வேறு சபைச் சகோதரி ஒருவரையோ, வயதான ஓர் ஆசிரியரையோ பாருங்கள். தலைமை சகோதரியிடம் பேச வேண்டியது வேறு: ஞாயிறு வேலைக்கு மாற்று விடுப்பு உண்டா, பணி ஒப்பந்தம் எழுத்தில் கிடைக்குமா. கேட்கும்போது அழைத்தல் என்ற சொல்லை நீங்களும் பயன்படுத்த வேண்டாம், அவரும் பயன்படுத்தாமல் பதில் சொல்லட்டும்.